சால்டரிங் ஸ்டேஷன் செய்வதும் அதற்குக் கரண்ட் கொடுப்பதும்: அடிக்கடி வரும் கேள்விகள்

வண்ணார்பேட்டையில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவர், அம்பாசமுத்திரம் பக்கம் சவுண்ட் சர்வீஸ் நடத்துபவர், பாலிடெக்னிக்கில் கடைசி வருடம் படிக்கும் பையன்கள் என்று ஸ்டேஷன் (தன் சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் சால்டரிங் செட்) பற்றி விசாரிப்பவர்கள் பலவிதம். சந்தேகங்கள் மட்டும் ஏறக்குறைய ஒன்றேதான். அதனால் அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலையும் ஒரே இடத்தில் வைக்கிறேன். எளிதானவை முதலில் வரும், போகப் போகச் சிக்கல் கூடும்.

எல்லாரும் முதலில் கேட்பது டிஸ்ப்ளேயைப் பற்றி. ஆனால் ஒரு ஸ்டேஷன் உருப்படியாக ஓடுமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது பின்பக்கம் இருக்கும் பவர் சப்ளையும் எர்த்தும். இங்கே அவற்றுக்குத்தான் இடம் அதிகம்.

"அண்ணாச்சி, 25 வாட் சாதா அயர்ன் நல்லாத்தானே ஓடுது, ஸ்டேஷன் எதுக்கு?"

வயர் ஒட்டவும் ஸ்பீக்கர் டெர்மினலில் லெட் (உருக்கி ஒட்டும் சால்டர் கம்பி) வைக்கவும் அது போதும். அதன் குறை, தான் எவ்வளவு சூடாக இருக்கிறோம் என்பது அதற்கே தெரியாது. ப்ளக்கில் இருக்கும் வரை ஒரே அளவு வாட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். ஸ்டாண்டில் சும்மா கிடந்தால் தேவைக்கு மேல் சூடேறிப் பிட் (அயர்னின் முனை) கருத்துவிடும். போர்டில் அகலமான எர்த் தடத்தில் வைத்தாலோ சூடு சட்டென்று இறங்கி லெட் பசை மாதிரி இழுபடும்.

இன்னொன்று நம்ம பக்கத்து வோல்டேஜ். ஹீட்டரின் வாட், வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறி இறங்கும். பம்புசெட் எல்லாம் ஓடும் நேரத்தில் லைனின் கடைசி வீட்டுக்கு 190 வோல்ட் வருகிறது என்றால் அந்த 25 வாட் அயர்ன் உண்மையில் 17 வாட்தான். நடுராத்திரி 250 வோல்ட் வந்தால் கிட்டத்தட்ட 30 வாட். காலையில் ஒட்டியது சாயங்காலம் ஒட்டவில்லை என்றால் கையைக் குறை சொல்ல வேண்டாம். ஸ்டேஷனில் சென்சார் இருப்பதால், வோல்டேஜ் குறைந்தால் ஹீட்டர் அதிக நேரம் ஓடி அதே டிகிரியைப் பிடித்துவிடும்.

"ஸ்டேஷனுக்குள்ள அப்படி என்னதான் இருக்கு?"

ஹீட்டரும் சென்சாரும் உள்ள ஹேண்டில், சென்சாரைப் படித்து ஹீட்டரை அணைத்து எரிக்கும் கன்ட்ரோலர், 24 வோல்ட் தரும் பவர் சப்ளை, இவற்றை மூடும் பெட்டி. அவ்வளவுதான். பெட்டிக்குப் பழைய டி.வி. ஸ்டெபிலைசரின் இரும்புக் கூடு அருமையாகப் பொருந்தும். காற்றோட்டத் துளைகள் ஏற்கெனவே இருக்கும், எர்த் ஸ்க்ரூ போடவும் இடம் உண்டு. ரிப்பேர் கடை மூலைகளில் எத்தனையோ கிடக்கின்றன.

எதை முதலில் வாங்குவது என்று கேட்டால், ஹேண்டிலை முதலில் முடிவு செய்யுங்கள். கன்ட்ரோலரும் பவர் சப்ளையும் அதைப் பொறுத்தவை. கையில் ஒரு டிரான்ஸ்பார்மர் கிடக்கிறதே என்று அதற்கேற்ற ஹேண்டிலைத் தேடுவது வேலையை இரட்டிப்பாக்கும்.

"907 ஹேண்டிலா, டி12-ஆ? எதை எடுக்க?"

இரண்டுமே ஜப்பானின் ஹாக்கோ கம்பெனி வடிவமைப்புகள். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் அவற்றின் நகல்கள். 907-இல் ஹீட்டர் ஹேண்டிலுக்குள் ஒரு குச்சியாக நிற்கும், பிட் அதன்மேல் உறை போல ஏறும். இரண்டுக்கும் நடுவே காற்று இடைவெளி இருப்பதால் சூடு மெதுவாகக் கடக்கும். சென்சார் அறிந்த சூடு ஒன்று, பிட் முனையின் சூடு இன்னொன்று. ஆனால் பிட் மலிவு. ஹீட்டர் போனால் அதை மட்டும் மாற்றலாம்.

டி12-இல் ஹீட்டர், சென்சார், பிட் மூன்றும் ஒரே குச்சி. சென்சார் முனைக்குப் பக்கத்திலேயே இருக்கும். 24 வோல்டில் பத்துப் பதினைந்து விநாடியில் வேலைக்குத் தயார். பிட் விலை கூட, ஹீட்டர் போனால் குச்சியோடு தூக்கிப் போட வேண்டியதுதான். தினமும் போர்டு வேலை செய்பவருக்கு டி12 என்பேன். மாதம் இரண்டு வயர் ஒட்டுபவருக்கும், கிளாஸில் பத்துப் பையன்கள் மாறி மாறிப் பிடிக்கும் லேபுக்கும் 907 போதும். இன்னும் வேகமான சி245 ரகமும் உண்டு. அது ஒரே மூச்சில் இழுக்கும் ஆம்பியருக்குப் பவர் சப்ளை தனியாக யோசிக்க வேண்டும், முதல் ஸ்டேஷனுக்கு வேண்டாம்.

"907 ஹேண்டில் வாங்கிட்டேன், அஞ்சு வயர் வருது. எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்க?"

நிறத்தை நம்ப வேண்டாம், ஒவ்வொரு நகலிலும் ஒவ்வொரு மாதிரி. மல்டிமீட்டரை ஓமில் வையுங்கள். ஐந்தில் ஒன்று பிட்டை மூடும் இரும்புக் குழாயோடு தொடர்பு காட்டும். அது எர்த். மிச்சம் நாலில் இரண்டு ஜோடி: ஒன்று ஹீட்டர், ஒன்று சென்சார்.

ஒரு ஜோடி 43 முதல் 58 ஓமுக்குள்ளும் இன்னொன்று 3 ஓம் அருகிலும் காட்டினால், ஏ1321 வகை செராமிக் ஹீட்டர். 50 ஓம் பக்கம் இருப்பது சென்சார், சூடேற ஏற அதன் ஓம் கூடும். அப்படியில்லாமல் ஒரு ஜோடி பத்து ஓம் சுற்றுவட்டாரத்திலும் மற்றது ஒன்றிரண்டு ஓமிலும் காட்டினால், அந்தச் சிறியதுதான் சென்சார். அது தெர்மோகப்பிள், அதாவது சூட்டுக்கேற்ப மில்லிவோல்ட் தரும் சென்சார். லைட்டரால் முனையைக் கொஞ்சம் சூடாக்கி மில்லிவோல்டில் அளந்தால் எண் ஏறும், பிளஸ் மைனஸும் அப்போதே தெரிந்துவிடும்.

இதை அளக்காமல் கன்ட்ரோலர் வாங்கக் கூடாது. 50 ஓம் சென்சாரை எதிர்பார்க்கும் கன்ட்ரோலரில் தெர்மோகப்பிள் ஹேண்டிலைச் செருகினால், ஒன்றிரண்டு ஓமைப் பார்த்து "இன்னும் குளிர்ந்தே கிடக்கிறது" என்று எண்ணி ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடும். பிட் செக்கச் சிவந்த பிறகுதான் நமக்குத் தெரியவரும்.

"டி12-க்கு 24 வோல்ட் எத்தனை ஆம்ப் வேணும்? பழைய லேப்டாப் சார்ஜர் இருக்கு, அது ஓடுமா?"

டி12 குச்சியின் ஓம் ஏறக்குறைய 8. அதை வைத்து எல்லாவற்றையும் கணக்குப் போடலாம். 24 வோல்டில் 3 ஆம்ப், 72 வாட். 19 வோல்டில் 2.4 ஆம்ப், 45 வாட். 12 வோல்டில் 1.5 ஆம்ப், வெறும் 18 வாட். 65 வாட் லேப்டாப் சார்ஜர் 19 வோல்டில் 3.4 ஆம்ப் தரும், ஆகவே தாராளமாக ஓடும். செல்போன் போர்டு வேலைக்கு 45 வாட் குறையே இல்லை. சில சார்ஜர்களின் பின்னில் நடுவே ஒரு மெல்லிய ஊசி இருக்கும். அது லேப்டாப்போடு பேசுவதற்கு, நமக்குத் தேவையில்லை. வெளி வளையமும் உள் வளையமும் போதும். துருவத்தை மட்டும் மீட்டரில் பார்த்துவிடுங்கள்.

டிகிரியும் வாட்டும் வேறு வேறு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தொட்டியில் நிற்கும் தண்ணீர் மட்டம் டிகிரி என்றால், தொட்டியை நிரப்பும் குழாயின் அகலம் வாட். 12 வோல்டிலும் டிஸ்ப்ளே 350 காட்டும், நேரம் பிடிக்கும் அவ்வளவுதான். பெரிய ஜாயின்ட்டைத் தொட்டதும் 350 இறங்கும். திரும்ப ஏற்றத்தான் வாட் வேண்டும்.

"24 வோல்ட் டிரான்ஸ்பார்மர் கைவசம் இருக்கு. பிரிட்ஜும் கெபாசிட்டரும் போட்டா 24 டி.சி. வந்துரும்லா?"

வராது, 32 வோல்டுக்கு மேல் வரும். 24 வோல்ட் ஏ.சி.யின் உச்சம் 34. பிரிட்ஜில் (ஏ.சி.யை டி.சி. ஆக்கும் நாலு டையோடு) ஒன்றரை வோல்ட் கழிந்தாலும் கெபாசிட்டர் அந்த உச்சம் வரை நிரம்பிவிடும். வேலை இல்லாத நேரத்தில் டிரான்ஸ்பார்மர் எழுதியிருப்பதைவிடக் கூடத்தான் கொடுக்கும், அதோடு மெயின்ஸ் 250 ஆக ஏறினால் 35 வோல்ட் கெபாசிட்டர் வீங்கிப் பொங்கிவிடும். 24 வோல்டுக்கான டி12 கன்ட்ரோலர் போன கேஸ்களில் இதுதான் அதிகம்.

டி12-ஐ டிரான்ஸ்பார்மரில்தான் ஓட்டுவேன் என்றால் 18 வோல்ட் சுற்று எடுங்கள், லோடில் 24 பக்கம் நிற்கும். கெபாசிட்டர் 50 வோல்ட் ரகம். கெபாசிட்டரை நிரப்பும் கரண்ட் துண்டு துண்டாகப் பாய்வதால், 3 ஆம்ப் டி.சி.க்கு 5 ஆம்ப் டிரான்ஸ்பார்மர் தேவைப்படும். எடையும் விலையும் யோசித்தால் எஸ்.எம்.பி.எஸ். (லேப்டாப் சார்ஜர் மாதிரியான ஸ்விட்சிங் பவர் சப்ளை) பக்கம் போவதுதான் சரி. அந்த 24 வோல்ட் டிரான்ஸ்பார்மரை வீணாக்க வேண்டாம்: 907 ஹேண்டிலுக்கு ஏ.சி.யையே நேராகக் கொடுத்து ட்ரையாக்கால் (ஏ.சி.யை அணைத்து எரிக்கும் எலக்ட்ரானிக் ஸ்விட்ச்) கட்டுப்படுத்தும் பழைய 936 வகைக் கன்ட்ரோலருக்கு அதுதான் சரியான ஜோடி.

ஒரு எச்சரிக்கை. கூடு எடுத்த ஸ்டெபிலைசருக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மரை இதற்குத் தொடாதீர்கள். அது ஆட்டோ டிரான்ஸ்பார்மர், மெயின்ஸும் அவுட்புட்டும் ஒரே சுற்று. அதில் 24 வோல்ட் டேப் கிடைத்தாலும் பிட் முனை மெயின்ஸோடு நேரடித் தொடர்பில் இருக்கும்.

"எல்.இ.டி. ஸ்ட்ரிப்புக்குப் போடுற 24 வோல்ட் சப்ளை போதுமா?"

போதும். 24 வோல்ட் 5 ஆம்ப் எடுத்தால் நிதானமாக ஓடும். வாங்கியதும் பக்கவாட்டில் பாருங்கள், சிலவற்றில் 110, 220 என்று ஒரு சின்ன ஸ்விட்ச் உள்ளடங்கி இருக்கும். 110-இல் இருந்து நம் மெயின்ஸைக் கொடுத்தால் சத்தத்தோடு கதை முடியும். டெர்மினல் பக்கத்தில் இருக்கும் சிறு திருகால் அவுட்புட்டை 24-க்குச் சரிசெய்து, அதன்பிறகு கன்ட்ரோலரை இணைக்கவும்.

இந்த வகைச் சப்ளையில் மெயின்ஸ் டெர்மினல்கள் வெட்டவெளியில் நிற்கும். பெட்டிக்குள் அடைத்தே ஆக வேண்டும். மெயின்ஸ் ஃபேஸில் 1 அல்லது 2 ஆம்ப் ஸ்லோ ப்ளோ ஃபியூஸ், இரண்டு முனையையும் துண்டிக்கும் ஸ்விட்ச். காற்றுத் துளைகளுக்கு உள்பக்கமாகக் கொசுவலை ஒட்டுங்கள். சிரிக்க வேண்டாம். வெதுவெதுப்பைத் தேடிப் பல்லியும் எறும்பும் முதலில் போய் உட்காரும் இடம் எஸ்.எம்.பி.எஸ். பல்லி 325 வோல்ட் கெபாசிட்டரின் இரு காலிலும் பட்டால் பல்லியும் போகும், சப்ளையும் போகும். உவரி, கூடங்குளம் மாதிரிக் கடலோரத்தில் இருப்பவர்கள் ஹேண்டில் கனெக்டரை அவ்வப்போது கழற்றித் துடைக்கவும். உப்புக் காற்றில் அந்தப் பின்கள் பச்சை பூத்தால் மில்லிவோல்ட் சென்சார் கண்டபடி எண் காட்டும்.

"எர்த் கண்டிப்பா வேணுமா? எங்க வீட்டுல ரெண்டு பின்தான்."

கண்டிப்பாக வேண்டும். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் மெயின்ஸிலிருந்து அதன் உலோகக் கூட்டுக்கும் அவுட்புட்டுக்கும் சின்னச் சின்ன கெபாசிட்டர்கள் போட்டிருப்பார்கள், இரைச்சலை வடிப்பதற்கு. எர்த் இல்லாவிட்டால் அவை மெயின்ஸைப் பாதியாகப் பங்கிட்டு, சுமார் 115 வோல்டை பிட் முனையில் மிதக்கவிடும். கரண்ட் மிகக் குறைவு, உங்களுக்குச் சுருக்கென்று ஒரு கூச்சம்தான். ஆனால் மாஸ்ஃபெட் என்ற ஸ்விட்ச் டிரான்சிஸ்டரின் கேட் காலுக்கும் செல்போன் ஐ.சி.க்கும் அதுவே எமன். "சால்டர் வைத்தேன், நன்றாக இருந்த ஐ.சி. செத்துப்போச்சு" என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது ப்ளக்கில் எத்தனை பின் என்றுதான். லேப்டாப் சார்ஜரிலும் இதே கதை, இரண்டு பின் சார்ஜரைத் தவிர்க்கவும்.

ப்ளக்கின் பெரிய பின்னிலிருந்து பெட்டிக்கும், சப்ளையின் எர்த் டெர்மினலுக்கும், ஹேண்டிலின் எர்த் வயருக்கும் பச்சை வயர் போக வேண்டும். ப்ளக்கைக் கழற்றி வைத்து, எர்த் பின்னுக்கும் பிட் முனைக்கும் ஓம் பாருங்கள். 2 ஓமுக்குள் இருந்தால் நல்லது.

அடுத்தது சுவர்ப் பக்கம். சில வீடுகளில் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயரை எர்த் துளைக்கு இழுத்து "எர்த் கொடுத்தாச்சு" என்று முடித்திருப்பார்கள். எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால் உங்கள் பெட்டியிலும் பிட்டிலும் முழு ஃபேஸ் வந்து நிற்கும். திறந்து பார்த்து அதை முதலில் வெட்டுங்கள். எர்த் குழி இருந்தாலும் மண்ணைப் பொறுத்தது: திசையன்விளைப் பக்கத்துத் தேரிச் செம்மணலில் சித்திரை வெயிலுக்குக் குழி காய்ந்துவிடும், கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றி வந்தால்தான் எர்த். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 100 வாட் பல்பு போட்டு எலக்ட்ரீஷியன்கள் பார்ப்பார்கள். நியூட்ரலில் எரிந்த மாதிரியே பளிச்சென்று எரிந்தால் சரி. எர்த் மோசமாக இருந்தால் அந்த நேரம் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் கூடுகளில் கரண்ட் ஏறும் என்பதால் வீட்டில் யாரும் எதையும் தொடக் கூடாது. பழக்கமுள்ளவரை வைத்தே செய்யுங்கள்.

"எல்லாம் இணைச்சாச்சு. முதல் தடவை ஆன் பண்ணப் பயமா இருக்கு."

கடையில் சீரியல் பல்ப் (மெயின்ஸுக்கும் கருவிக்கும் நடுவே தொடராக இணைத்த குண்டு பல்ப்) இருக்குமே, அதன் வழியாகப் போடுங்கள். ஹேண்டில் இல்லாமல் 60 அல்லது 100 வாட் பல்பில் ஒரு மினுக்கு மினுக்கி அணைந்தால் ஷார்ட் இல்லை. பல்ப் விடாமல் எரிந்தால் உடனே நிறுத்தித் தேடவும். அப்புறம் பல்பை விலக்கி 24 வோல்ட் பார்த்துவிட்டு, ஹேண்டிலைச் செருகி 200 டிகிரியில் ஆரம்பியுங்கள்.

"எத்தனை டிகிரி வைக்க?"

63/37 லெட் 183 டிகிரியில் உருகும், 60/40 அதிலிருந்து 190-க்குள். பிட்டை 320 முதல் 350. ஈயம் இல்லாத ரகம் 217-க்கு மேல்தான் உருகும், அதற்கு 350 முதல் 380. ஒட்டவில்லை என்றதும் 420-க்கு ஏற்றுவது கெட்ட பழக்கம், தடம் உரிந்துவரும். பிட்டை மாற்றிப் பாருங்கள். ஊசிமுனைப் பிட் பார்க்க அழகு, சூடு கடத்துவதில் சோம்பேறி. கத்தி மாதிரி இருக்கும் கே வகையோ சரித்து வெட்டிய பி.சி. வகையோ அதே 340-இல் ஆம்ப்ளிஃபயர் சேசிஸின் எர்த் லக்கைக்கூட ஒட்டிவிடும்.

"டிஸ்ப்ளேல 350 காட்டுது, லெட் உருகவே மாட்டேங்குது."

பத்துக்கு எட்டு பேரிடம் காரணம் கருத்த பிட். ஆக்சைடு படிந்த முனை சூடாகத்தான் இருக்கும், லெட்டுக்குக் கடத்தாது. பித்தளை நார் உருண்டையில் குத்தியெடுத்து, உடனே புது லெட்டைத் தடவிப் பாருங்கள். அது வெள்ளியாகப் பரவினால் பிரச்சினை முடிந்தது.

பரவியும் உருகத் தாமதமானால் அளவு தப்பு. கே வகை தெர்மோகப்பிள் உள்ள மல்டிமீட்டர் இருந்தால், முனையில் ஒரு துளி லெட்டை உருக்கி அதற்குள் சென்சாரை அமிழ்த்தி அளக்கவும். வெறுமனே தொட்டு அளந்தால் குறைவாகவே காட்டும். மீட்டர் இல்லாவிட்டால் 63/37 லெட்டை முனையில் வைத்து 170 டிகிரியிலிருந்து மெதுவாக ஏற்றுங்கள், அது சட்டென்று திரவமாகும் இடம் 183. டி12 ஹேண்டிலுக்குள் ஒரு தெர்மிஸ்டர் இருக்கும், தெர்மோகப்பிளின் குளிர்ந்த முனை எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று சொல்ல. நம்ம ஊர் மேமாதத்தில் கடைக்குள் 38 டிகிரி. அந்த தெர்மிஸ்டர் வயர் விட்டிருந்தால் கணக்கு அந்த அளவுக்குத் தப்பும்.

"பிட் ஒரு மாசம்கூட வரமாட்டேங்குது. அரம் போட்டுத் தீட்டலாமா?"

தீட்டக் கூடாது. பழைய 25 வாட் அயர்னின் பிட் சுத்தச் செம்பு, தீட்டித் தீட்டி ஓட்டினோம். இந்தப் பிட்டில் செம்பின்மேல் இரும்பு முலாம் இருக்கிறது. ஒரு கீறல் விழுந்தால் லெட் உள்ளே புகுந்து செம்பைத் தின்று குழி போட்டுவிடும்.

டப்பாவில் வரும் பேஸ்ட்டில் பிட்டை முக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். சில பேஸ்ட்டில் அமிலம் அதிகம், தகரம் ஒட்டுவதற்கானது. ரோசின் உள்ள லெட்டே போதும். வேலை முடிந்ததும் முனையில் ஒரு குண்டு லெட்டை விட்டு அணையுங்கள். மறுநாள் துடைத்துவிட்டு ஆரம்பிக்கலாம். ஸ்லீப் வசதி (சும்மா கிடந்தால் சூட்டைத் தானே குறைப்பது) இருந்தால் 200 டிகிரிக்கு வைக்கவும். டி12 ஹேண்டிலில் உள்ள அதிர்வு ஸ்விட்ச் அதற்குத்தான்.

"கரண்ட் போனா இன்வெர்ட்டர்ல ஓடுமா? பேட்டரில நேரா கொடுக்கலாமா?"

இன்வெர்ட்டரில் ஓடும். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குச் சதுர அலையானாலும் சைன் அலையானாலும் கவலையில்லை. டிரான்ஸ்பார்மர் ஸ்டேஷன் சதுர அலையில் ரீங்காரமிடும், சூடாகும். சதுர அலையின் உச்சம் குறைவு என்பதால் கெபாசிட்டரில் நிற்கும் டி.சி.யும் குறையும். பேட்டரி தீர்ந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். 72 வாட் சூடேறும்போது மட்டும்தான், 350-இல் சும்மா நிற்கும் டி12 அதில் சிறு பங்கைத்தான் இழுக்கும்.

பேட்டரியில் நேராகக் கொடுத்தால் மேலே சொன்ன 18 வாட். கொடை விழாவில் மைக் செட் வயர் அறுந்தால் ஒட்ட அது போதும். முழு 72 வாட் வேண்டுமானால் 12-ஐ 24 ஆக்கும் பூஸ்ட் மாட்யூல் தேவை. அது பேட்டரியிலிருந்து 7 ஆம்ப் அளவுக்கு இழுக்கும், ஆகவே 2.5 சதுர மில்லிமீட்டர் வயர். பேட்டரி பிளஸ் முனையை ஒட்டியே 10 ஆம்ப் ஃபியூஸ் போடுங்கள். 150 ஏ.எச். பேட்டரி ஷார்ட் ஆனால் வயர் தீக்குச்சி மாதிரி எரியும்.

லாரியில் 24 வோல்ட் இருக்கிறதே என்று கேட்கிறார்கள். என்ஜின் ஓடும்போது அது 28 வோல்ட். கன்ட்ரோலர் தாங்குமா என்று பார்க்காமல் கொடுக்க வேண்டாம், என்ஜினை நிறுத்திவிட்டுப் பயன்படுத்துங்கள்.

"கன்ட்ரோலர்ல மாஸ்ஃபெட் ஷார்ட் ஆனா ஃபியூஸ் போயிடும்லா?"

போகாது, அதுதான் சிக்கல். ஹீட்டரை அணைத்து எரிக்கும் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆனால் ஹீட்டரில் ஓடுவது அதே 3 ஆம்ப்தான், விடாமல் ஓடும், அவ்வளவே. 3 ஆம்ப் தாங்கும் ஃபியூஸுக்கு அதில் தப்பே தெரியாது. பிட் சிவந்து, ஸ்டாண்டில் கிடக்கும் துணி புகையும்.

ஹீட்டரின் இரு முனைக்கும் குறுக்கே ஒரு எல்.இ.டி.யும் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டரும் போட்டு, பெட்டி முகப்பில் கொண்டுவந்து வையுங்கள். சூடேறும்போது அது ஏறக்குறைய விடாமல் எரியும், செட் டிகிரிக்கு வந்ததும் மினுக்கும். வந்த பிறகும் நிலையாக எரிந்தால் ப்ளக்கைப் பிடுங்கவும். டி12-இல் சென்சாரும் இதே முனைகளில்தான் இருக்கிறது, ஆனால் தெர்மோகப்பிளின் மில்லிவோல்டில் எல்.இ.டி. கரண்டே எடுக்காது என்பதால் அளவும் கெடாது. இது இருந்தாலும் ஆன் செய்துவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது.

"சார், பிராஜெக்டுக்கு அர்டுயினோல கன்ட்ரோலர் நாங்களே செய்றோம். எல்.எம்.358 போட்டோம், ரீடிங் 50 டிகிரி தப்பா வருது."

கே வகை தெர்மோகப்பிள் ஒரு டிகிரிக்கு 41 மைக்ரோவோல்ட் தரும். 325 டிகிரி வித்தியாசத்துக்கு 13 மில்லிவோல்ட் சொச்சம்தான். அதைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் ஐ.சி.யான எல்.எம்.358-இன் ஆஃப்செட் (உள்ளே ஒன்றும் வராதபோதும் இருக்கும் பிழை வோல்டேஜ்) சாதாரணமாகவே 2 மில்லிவோல்ட் பக்கம் இருக்கும். 2 மில்லிவோல்டை 41 மைக்ரோவோல்டால் வகுத்துப் பாருங்கள், உங்கள் 50 டிகிரி அங்கேதான் இருக்கிறது. ஹேண்டில் அறைச் சூட்டில் இருக்கும்போது வரும் எண்ணைக் குறித்துக் கழிக்கலாம், இல்லையென்றால் ஓ.பி.ஏ.333 மாதிரி ஆஃப்செட் 10 மைக்ரோவோல்டுக்குள் உள்ளதைப் போடலாம்.

டி12 என்றால் இன்னொரு வேலையும் உண்டு. அதில் ஹீட்டரும் தெர்மோகப்பிளும் ஒரே இரண்டு முனையில் தொடராக இருக்கின்றன. ஹீட்டரை அணைத்து, சில மில்லிவிநாடி பொறுத்து, அப்புறம் படிக்க வேண்டும். எரியும்போது அதே முனையில் 24 வோல்ட் வரும் என்பதால் ஆம்ப்ளிஃபயர் உள்வாயிலில் ஒரு ரெசிஸ்டரும், வோல்டேஜ் எல்லை மீறாமல் தடுக்கும் கிளாம்ப் டையோடுகளும் அவசியம். புரோகிராமில் சென்சார் விட்டுப்போனால் ஹீட்டர் அணையும்படி எழுதுங்கள். வைவாவில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான், யாரும் கேட்பதில்லை.

"எல்.இ.டி. பல்ப் போர்டைக் கரண்ட்ல வச்சுக்கிட்டே சால்டர் வைக்கலாமா? ஸ்டேஷன்தான் 24 வோல்டாச்சே?"

கூடவே கூடாது. எர்த் கேள்வியில் சொன்னபடி உங்கள் பிட் இப்போது எர்த்தோடு இணைந்திருக்கிறது. எல்.இ.டி. பல்பின் டிரைவர் பெரும்பாலும் மெயின்ஸிலிருந்து பிரிக்கப்படாதது. பிட் பட்ட இடம் ஃபேஸோடு தொடர்பில் இருந்தால் ஃபேஸ் நேராக எர்த்துக்கு ஷார்ட். பொறி பறந்து தடமும் பிட்டும் போகும், வீட்டில் ஆர்.சி.சி.பி. (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருந்தால் அது விழும். பிட்டின் எர்த்தைக் கழற்றிவிட்டால் சரியாகுமே என்று ஒருவர் கேட்டார். அப்போது அந்த மெயின்ஸ் 24 வோல்ட் பக்கம் முழுதும் ஏறி, கன்ட்ரோலரின் உலோகக் குமிழில் உங்கள் விரலுக்காகக் காத்திருக்கும்.

ப்ளக்கைக் கழற்றிய பிறகும் டிரைவரின் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட் சொச்சம் நிற்கலாம். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்யாமல், வயர் சேர்த்த 60 வாட் குண்டு பல்பை அதன் இரு காலிலும் வைத்து வடியுங்கள். மீட்டரில் 5 வோல்டுக்குக் கீழே வந்ததும் பிட்டை எடுக்கலாம்.